சில்லும் மின்கலமும்: தீவக மின்சேமிப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்து கிடக்கும் தீவகத்தினை ஒரே அலகாகக் கொண்டு ஆராய்வது நம்மிடையே வழக்கமாகும். சமூகவியல் நோக்கில் இது பொருத்தமானதாக இருக்கலாம். ஆயின் மின்சாரத்தினைப் பொறுத்தவரை தீவகம் இரண்டாகப் பிரிந்தே கிடக்கின்றது. ஊர்காவற்றுறையை உள்ளடக்கிய வேலணைத்தீவும், அதனோடு தாம்போதியால் இணைந்த புங்குடுதீவும், வடக்கே காரைநகரும் சாலைவழியே குடாநாட்டோடு தொடர்புற்றவை. சாலை சென்ற வழியே மின்கம்பியும் சென்றது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கும் கடலால் முற்றாகப் பிரிக்கப்பட்டவை. இவற்றை நாட்டின் மின்வலையோடு இணைக்கும் கம்பி கிடையாது. எனவே இலங்கை மின்சார சபை இத்தீவுகளுக்கெனத் தனித்தனியே டீசல் மின்பிறப்பாக்கிகளை நிறுவி இயக்கிவந்துள்ளது.

இலங்கையின் மின்சார வரலாற்றில் சேமிப்பு என்பது பெரும்பாலும் மலையகத்து நீர்த்தேக்கங்களையே குறித்தது. காசல்றீ, மவுசாகலை முதலிய தேக்கங்களில் மாரிநீர் தங்கியிருக்க, வேண்டியபொழுது அது சுழலிகளை இயக்கியது. கம்பியால் இணைந்த கிராமம் ஒவ்வொன்றும் அத்தேக்கத்தில் ஒரு பங்கினை உடையது எனலாம். கம்பியில்லாத தீவுக்கு அப்பங்கு இல்லை. அதன் சேமிப்பு, படகில் வந்திறங்கிய எண்ணெய்ப் பீப்பாய்க்குள் இருந்த சேமிப்பே. காற்றையும் வெயிலையும் கொண்டு மின்சாரம் ஆக்கும் முயற்சி இத்தீவுகளை எட்டியுள்ள இக்காலத்தில், பீப்பாயின் இடத்தினை எது பெறும் என்ற வினா எழுகின்றது. சுழலும் பறப்புச் சில்லா, இரசாயன மின்கலமா என்பது பொறியியலாளரின் வினா மாத்திரமன்று. எதனைச் சேமிக்கின்றோம், எவ்வளவு நேரத்துக்குச் சேமிக்கின்றோம், அச்சேமிப்பு யார் கையில் இருக்கின்றது என்னும் மூன்று வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. இக்கட்டுரை அவற்றை வரலாற்றடிப்படையில் நோக்க முற்படுகின்றது.

2. காற்றும் காலமும்

காற்றின் வலுவினைப் பயன்படுத்துதல் தீவக மக்களுக்குப் புதியதன்று. சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றுக்குத் திசையறிந்து பெயரிட்ட சமூகம் அது. பாய்க்கப்பல் காலத்தில் ஊர்காவற்றுறை முக்கியமான துறையாக விளங்கியது. ஒரு பருவக்காற்றிலே சென்று மறு பருவக்காற்றிலே திரும்புதல் கடலோடியின் முறை. இங்கு கவனிக்கற்பாலது யாதெனில், அக்காலத்து மனிதன் காற்றைச் சேமிக்கவில்லை. தன் உழைப்பினையே காற்றின் காலத்துக்கு இசைய ஒழுங்குசெய்துகொண்டான். சேமிக்கப்பட்டது உணவேயாகும். ஒடியலும் புழுக்கொடியலும் கருவாடும் வெயிற்காலத்துச் சக்தியை மாரிகாலத்துக்குக் கடத்தும் வழிகளாக அமைந்தன.

உழைப்பானது இயற்கையின் நேரத்திலிருந்து பிரிந்து, ஆலையின் மணியோசைக்கும் மின்விளக்கின் ஒளிக்கும் கீழ்ப்பட்டபொழுதே சக்தியைச் சேமித்தல் ஒரு பொருளியற் பிரச்சினையாயிற்று. காற்று எப்பொழுது வீசினும் குளிர்சாதனப் பெட்டி நாள் முழுதும் இயங்கவேண்டும். வெயில் நண்பகலிலே உச்சம் அடையினும் மாணவன் இரவிலேயே படிக்கின்றான். இந்த இடைவெளியை நிரப்புதலே சேமிப்பின் பணியாகும்.

3. சில்லின் வரலாறு

பறப்புச் சில்லின் தத்துவம் மிகப் பழையது. குயவன் தன் திகிரியைக் கோலால் ஒருமுறை வேகமாகச் சுழற்றிவிட்டுப் பின் இரு கைகளாலும் மண்ணை வனைகின்றான். கோலின் உந்துதல் ஒரு கணத்தது, சுழற்சி நீடித்தது. அக்கணத்து உழைப்பினைத் திகிரியின் பாரம் தன்னகத்தே வைத்திருந்து சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கின்றது. நூல்நூற்கும் தக்ளியின் அடியிலுள்ள வட்டமும் இப்பணியையே செய்கின்றது.

கைத்தொழிற் புரட்சிக் காலத்தில் இத்தத்துவம் புதிய பரிமாணம் பெற்றது. 1780களில் ஜேம்ஸ் வாட் உருவாக்கிய சுழல் நீராவி இயந்திரத்தில் ஆடுதண்டின் தள்ளுகை விட்டுவிட்டு நிகழ்வது; பருத்தி ஆலைக்கோ சீரான சுழற்சி வேண்டும். பாரிய இரும்புச் சில்லொன்று இவ்விரண்டுக்கும் இடையே நின்று ஏற்றத்தாழ்வினைச் சமன்செய்தது. ஆலை முறைமையின் சீரான ஓட்டத்துக்கு இச்சில்லும் ஒரு காரணமாகும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனும் இதனை அறிவான். நீரிறைக்கும் இயந்திரத்தின் சில்லிலே கயிற்றைச் சுற்றி இழுத்து அதனை இயக்கியவன், அச்சில்லில்லாவிடின் இயந்திரம் ஒருமுறை வெடித்து நின்றுவிடும் என்பதனைக் கைப்பட உணர்ந்தவன். துலாவின் அடியிலே கட்டிய பாரம் நீரள்ளுவோனின் உழைப்பில் ஒரு பகுதியை ஏற்றுத் திருப்பிக் கொடுத்ததுபோல, இச்சில்லும் ஏற்றுத் திருப்பிக் கொடுத்தது.

சில்லிலே தங்கும் சக்தி, அதன் பாரம் இருமடங்காயின் இருமடங்காகும். வேகம் இருமடங்காயின் நான்கு மடங்காகும். எனவே இக்காலச் சில்லு பாரத்தை விடுத்து வேகத்தை நாடிற்று. காபன் நாரினால் ஆக்கப்பட்டு, காற்றகற்றிய கூட்டினுள், காந்த விசையால் தாங்கப்பட்டு அது சுழல்கின்றது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து ஸ்ரீபன்ரவுணில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலையம் இதற்குத் தக்க சான்று. அங்கு 200 சில்லுகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 100 கிலோவாற்று வலுவும் 25 கிலோவாற்று-மணி சக்தியும் உடையது. முழு வலுவில் இயங்கின் 15 நிமிடத்தில் வெறுமையாகும். அதனை நிறுவிய கம்பனி அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே வங்குரோத்து நிலையடைந்தது. நிலையமோ பின்னர் வேறோர் உரிமையாளரின் கீழ்த் தொடர்ந்து இயங்கிற்று. தொழினுட்பத்தின் தகைமையும் சந்தையின் தீர்ப்பும் ஒன்றல்ல என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

4. மின்கலத்தின் வரலாறு

மின்கலம் சில்லை நோக்க இளையது. வோல்ற்றா தன் மின்கலவடுக்கினை 1800இல் உலகுக்கு அறிவித்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமிலக் கலத்தைப் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் எழுந்த நேரோட்ட மின்நிலையங்கள் பல இக்கலங்களைப் பெருந்தொகையாக அடுக்கிவைத்தன. கேள்வி குறைந்த இரவு வேளையில் இயந்திரங்களை நிறுத்திக் கலங்களைக்கொண்டு விளக்கெரிக்க முடிந்தது. ஆடலோட்டமும் நெடுந்தூரக் கம்பியும் பரவியபின் அத்தேவை குன்றியது. ஒரு பிரதேசத்தின் குறையை மற்றொரு பிரதேசத்தின் மிகை நிரப்பியமையால், கம்பியே ஒருவகைச் சேமிப்பாயிற்று.

இலிதியம்-அயன் கலம் 1991இல் யப்பானிலே வணிகப் பொருளாக வெளிவந்தது. முதலில் ஒளிப்படக் கருவிக்கும் தொலைபேசிக்கும் பயன்பட்ட அது, இரு தசாப்தங்களுள் மின்வலையின் அளவுக்கு வளர்ந்தது. தென் அவுஸ்திரேலியாவின் ஹோர்ண்ஸ்டேலில் 2017இல் நிறுவப்பட்ட 100 மெகாவாற்று நிலையம் இவ்வளர்ச்சியின் திருப்புமுனைகளுள் ஒன்று. காற்றும் வெயிலும் மின்வலையில் பங்குகொண்டதும், நூறாண்டுக்கு முன்னர் கைவிடப்பட்ட சேமிப்பு மீண்டும் நடுநிலைக்கு வந்தது எனலாம்.

5. தடைக்காலத்துச் சான்று

இவ்விரு முறைகளையும் ஒப்பிடுவதற்கு யாழ்ப்பாணத்து மக்கள் எவ்வாய்வுகூடமும் தராத அனுபவம் ஒன்றினை உடையவர்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் உட்படக் குடாநாட்டில் வாழ்ந்த மக்கள், 1990களின் முற்பகுதியை ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே கழித்தனர்.

வானொலி கேட்பதற்குப் பற்றரி இல்லை. எனவே துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து, ஒருவர் மிதிக்க அல்லது கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து கம்பி இழுத்துச் செய்தி கேட்டனர். அத்தகைய டைனமோ பொதுவாக 6 வோற்று, 3 வாற்று அளவினது. மிதிப்பதை நிறுத்தின் சில்லு சில கணங்கள் சுழன்று ஓயும். அதனோடு குரலும் ஓயும். சில்லு வைத்திருப்பது கணத்தின் சக்தி, மின்கலம் வைத்திருப்பது இரவின் சக்தி என்னும் வேறுபாட்டினை அக்காலத்துச் சிறுவரும் அறிந்திருந்தனர்.

இதிலிருந்து மற்றுமோர் உண்மை புலனாகின்றது. பற்றரி தொழிற்சாலையிலிருந்து வரவேண்டிய பண்டம். அதனைத் தடுக்க ஒரு கட்டளையும் ஒரு சோதனைச்சாவடியும் போதுமானவை. சில்லோ ஊரிலே இருந்தது. அதனைத் திருத்துவோனும் ஊரிலே இருந்தான். சேமிப்பு முறைமை ஒன்றின் தகுதியை அதன் விலையாலும் வினைத்திறனாலும் மாத்திரம் அளத்தல் போதாது. அதனை வழங்கும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதும் அளவுகோலாதல் வேண்டும்.

தீவக மக்களுக்கு இது நினைவில் ஆழப்பதிந்த உண்மை. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே சேவையிலிருந்த குமுதினிப் படகின் பயணிகள் 1985 மே 15ஆம் நாள் கடலிலே கொல்லப்பட்டனர். ஒற்றை வழியை நம்பி வாழ்தலின் பொருள் அந்நாளில் எழுதப்பட்டது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபொழுது, விளக்குக்கும் படகுக்கும் டீசலையே நம்பிய தீவுகளின் நிலை மீண்டும் அவ்வினாவை எழுப்பிற்று.

6. ஓர் ஒப்பீட்டுக் கணக்கு

தீவுகளுக்கு வகுக்கப்பட்டுள்ள திட்டத்தின் அளவுகளைக்கொண்டே இவ்விரண்டையும் ஒப்பிடலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச் 1ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று-மணி, காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாற்று என்பன அதன் கூறுகள்.

இந்த 2,400 கிலோவாற்று-மணியைப் பறப்புச் சில்லுகளாற் சேமிப்பதாயின் ஸ்ரீபன்ரவுண் வகைச் சில்லுகள் 96 வேண்டும். அவை 9,600 கிலோவாற்று வலுவினைத் தரவல்லன. இது மூன்று தீவுகளினதும் வெயில், காற்று ஆற்றலின் நான்கு மடங்கிலும் அதிகம். வேண்டாத வலுவுக்குப் பணம் செலுத்தி, வேண்டிய சக்தியைப் பெறுவதாக அது முடியும். மேலும் சில்லு சும்மா சுழலும்பொழுதும் உராய்வினாலும் துணைக் கருவிகளாலும் சக்தியை இழக்கின்றது. மாலையிலே நிரப்பியதை விடியற்காலைக்கு வைத்திருத்தல் அதன் இயல்புக்கு ஒவ்வாது. மின்கலமோ, இரவுக் கேள்வி 400 கிலோவாற்று என ஓர் உதாரணத்துக்குக் கொள்ளின், அதே சேமிப்பினால் 6 மணிநேரம் தாக்குப்பிடிக்கும். இரவைக் கடத்துவதற்கு மின்கலமே தக்கது என்பதில் ஐயமில்லை.

ஆயின் மறுபக்கமும் உண்டு. முகில் மறைத்தபொழுது சூரியத்தகட்டின் வலு சில கணங்களில் வீழ்கின்றது. வாடைக்காற்று குமுறுகையில் காற்றாலையின் வலு ஏறி இறங்குகின்றது. இவ்வதிர்ச்சிகள் நாளொன்றுக்குப் பன்முறை நிகழ்வன. இலிதியக் கலம் சில ஆயிரம் முழு ஏற்றிறக்கங்களுக்குப்பின் தளர்வுறும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். சில்லோ நூறாயிரக் கணக்கான ஏற்றிறக்கங்களைத் தாங்கும்.

இவ்விரண்டையும் இணைத்துத் தீர்வு கண்டது அலாஸ்காவின் கோடியாக் தீவு. நீர்மின்னும் காற்றுமின்னும் கொண்ட அத்தீவில் மின்கல நிலையம் ஏற்கெனவே இருந்தது. துறைமுகத்தில் பெரிய மின்பாரந்தூக்கி ஒன்று இயங்கத் தொடங்குகையில் ஏற்படும் திடீர்ச் சுமை அக்கலங்களை நலியச்செய்யும் என உணர்ந்து, 2015இல் தலா 1 மெகாவாற்று வலுவுடைய இரு பறப்புச் சில்லுகள் நிறுவப்பட்டன. கணத்தின் அதிர்ச்சியைச் சில்லு ஏற்க, நிமிடத்தின் குறையைக் கலம் நிரப்பிற்று. நமது தீவுகளில் பனிக்கட்டி ஆலையோ, கடனீரை நன்னீராக்கும் பொறியோ இயங்கத் தொடங்குகையில், அளவிற் சிறியதாயினும், தன்மையில் இதே நிலைதான் தோன்றும்.

7. மறைந்திருந்த சில்லு

இங்கு பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்றினைச் சுட்டுதல் அவசியம். டீசல் மின்பிறப்பாக்கி எண்ணெயை மின்சாரமாக்கும் பொறி மாத்திரமன்று. அது பாரமான ஒரு சில்லுமாகும். சுமை திடீரென ஏறும்பொழுது, எரிபொருள் மேலும் பாயுமுன் உள்ள கணத்தில், அதன் சுழலும் பாரமே குறையை நிரப்புகின்றது. ஆடலோட்டத்தின் மீடிறன் அக்கணத்தில் செக்கனுக்கு 50 சுற்றிலிருந்து சட்டென விலகாதிருப்பது இச்சடத்துவத்தினாலேயே. எனவே டீசல் இயந்திரத்தை நிறுத்தும்பொழுது நாம் எண்ணெயை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு சில்லையும் நிறுத்துகின்றோம். சூரியத்தகட்டில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது.

இது வெறும் கோட்பாடன்று. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலை அண்டி, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட பழுது இலங்கை முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. விடுமுறை நாளாகையாற் கேள்வி குறைந்து, சூரிய மின்னின் பங்கு மிகுந்து, சுழலும் இயந்திரங்கள் குறைந்திருந்தமையால் மின்வலை அதிர்ச்சியைத் தாங்கவில்லை என மின்சார சபை விளக்கியது. குரங்கு நிமித்தமே, சடத்துவக் குறைவே காரணம். இதே பிரச்சினையை எதிர்நோக்கிய அயர்லாந்து, மணிபொயின்ற் நிலையத்தில் 130 தொன் எடையுள்ள பறப்புச் சில்லொன்றை 2022இல் இயக்கத் தொடங்கிற்று. நிலக்கரி எரித்த நிலையமொன்றில், எரிபொருளின்றிச் சுழல்வதற்காகவே ஒரு சில்லு வைக்கப்பட்டமை வரலாற்றின் சுவையான திருப்பமாகும்.

மின்கலத்தோடு இணைந்த இலத்திரனியற் கருவிகள் இச்சடத்துவத்தைப் போலச்செய்ய வல்லனவாக இன்று வளர்ந்துள்ளன என்பதனையும் மறுத்தலாகாது. அவ்வாறாயின் சில்லின் பணியையும் கலமே ஏற்றுவிடும். ஆயின் அக்கருவியின் அறிவு அதனை ஆக்கிய கம்பனியின் மென்பொருளில் பூட்டப்பட்டிருக்கும். ஊரில் உள்ள பொறிவினைஞனின் கைக்கு எட்டாது.

8. யாருடைய சேமிப்பு?

மூன்று தீவுகளின் திட்டம் நடந்துவந்த பாதை இவ்விடத்துச் சிந்திக்கற்பாலது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியாதரவுடன் அமைந்த இத்திட்டத்தைச் சீனக் கூட்டுநிறுவனம் ஒன்றுக்கு வழங்க இலங்கை அமைச்சரவை 2021 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலே சீன நிறுவனம் அமைவதனை இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாந்தரப்பின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதென அவ்வாண்டு டிசெம்பரிற் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் திட்டத்தை நிறைவேற்ற உடன்பாடு எட்டப்பட்டது. 2024இல் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கும் பெங்களூரைச் சேர்ந்த நிறுவனத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1.1 கோடி அமெரிக்க டொலர் மதிப்பில், முன்னர் கூறிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இப்படிமுறைகளில் கொழும்பு, பீஜிங், புதுடில்லி ஆகியவற்றின் குரல்கள் தெளிவாகக் கேட்டன. நெடுந்தீவின் கடற்றொழிலாளியும் நயினாதீவின் ஆலயச்சூழல் வணிகனும் அனலைதீவின் விவசாயியும் இத்திட்டத்தைக் குறித்து என்ன கருதினர் என்பது அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

எழுவைதீவில் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியன இணைந்த சிறு முன்னோடித் திட்டம் 2010களின் பிற்பகுதியிலேயே செயற்பட்டது. ஆகவே அனுபவம் தீவகத்துக்குள்ளேயே உண்டு. அதனைப் பெரிய தீவுகளின் திட்டத்துக்குப் பாடமாக்குதல் அறிவுடைமை.

மற்றுமொரு பொறுப்பும் உண்டு. இத்தீவுகள் சுண்ணக்கல் நிலங்கள். கடனீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரே அவற்றின் உயிர். எண்ணெய் நிலத்திற் கசிந்தால் என்ன ஆகும் என்பதனைச் சுன்னாகம் காட்டியது. மின்நிலையச் சூழலின் கிணற்றுநீர் மாசுற்றமை குறித்த வழக்கில் 2019இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தது. மின்கலத்தின் வாழ்வு பத்துப் பதினைந்து ஆண்டுகளே. பழுதுற்ற கலங்களைத் தீவிலிருந்து யார் அகற்றுவர், எச்செலவில், எத்துறையிலே இறக்குவர் என்பன ஒப்பந்தம் எழுதும்பொழுதே விடையளிக்கப்படவேண்டியவை. சில்லு ஈற்றிலே எஞ்சவிடுவது பெரும்பாலும் இரும்பும் நாரும். கலம் எஞ்சவிடுவது இரசாயனம்.

9. முடிபு

சில்லும் மின்கலமும் ஒன்றையொன்று வெல்லப் புறப்பட்ட எதிரிகள் அல்ல. அவை இரு வேறு காலங்களின் காவலர். தீவின் இரவைக் காப்பது மின்கலம். தீவின் கணத்தைக் காப்பது சில்லு. டீசல் இயந்திரம் இவ்விரு பணிகளையும் ஒருங்கே, விலையுயர்ந்த முறையில், செய்துவந்தது. அதனை அகற்றுவோர் இரண்டுக்கும் விடைகூறக் கடமைப்பட்டவர். இரவுக்கு மட்டும் விடைகூறிக் கணத்தை மறப்பின், பெப்ரவரி 2025 சிறு அளவில் தீவுதோறும் நிகழும்.

எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து விடுதலை பெறும் தீவு, வெளிநாட்டுக் கலப்பெட்டியின் உதிரிப்பாகத்துக்கும் மென்பொருளுக்கும் மீண்டும் அடிமைப்படுமாயின், சார்பு நீங்கவில்லை. சார்பின் வடிவமே மாறியது. இதற்கு மாற்று, பழுதுபார்க்கும் திறனைத் தீவகத்து இளைஞரிடமே வளர்த்தலும், பராமரிப்பிலும் தீர்மானத்திலும் தீவு மக்களுக்கு இடமளித்தலும் ஆகும். ஊர்காவற்றுறையும் வேலணையும் குடாநாடும் இதற்கான தொழிற்பயிற்சியை வழங்கக்கூடிய தொலைவிலேயே உள்ளன. பற்றரி தடைப்பட்ட நாளில் துவிச்சக்கரவண்டியின் சில்லைத் திருப்பி உலகச் செய்தி கேட்ட சமூகத்துக்கு, தன் மின்சாரத்தைத் தானே காக்கும் ஆற்றல் இல்லையெனக் கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும்.